வீட்டு வண்டிப்பாதைக்குத் தார் போடும் செலவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேட்டிலிருந்து கார் நிற்கும் இடம் வரைக்கும் தார் போட்டுவிடலாம் என்று முடிவெடுத்ததும் வரும் முதல் கேள்வி, "எவ்வளவு ஆகும்?" என்பதுதான். விலை ஊருக்கு ஊர் மாறும், மாதத்துக்கு மாதமும் மாறும். அதனால் இங்கே தொகை எதுவும் எழுதவில்லை. ஒப்பந்தக்காரர் சொல்லும் தொகை எதெதெல்லாம் சேர்ந்து வருகிறது, எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கவே கூடாது என்பதுதான் இந்தப் பக்கம்.

சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே விலையாகச் சொல்ல முடியாதா?

சொல்வார்கள். ஆனால் அந்த விலைக்குள் என்னென்ன வேலை அடங்கியிருக்கிறது என்று தெரியாத வரை அதை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. ஒருவர் சொல்லும் விலையில் மண்ணைத் தோண்டி அப்புறப்படுத்துவது, ஜல்லி பரப்பி ரோலர் ஓட்டுவது, மேலே 3 அங்குலத் தார்க்கலவை எல்லாம் இருக்கும். இன்னொருவர் விலையில், இருக்கிற மண்ணை அப்படியே சமப்படுத்தி ஒன்றரை அங்குலம் போடுவது மட்டும் இருக்கும். வேலை முடிந்த அன்று இரண்டும் ஒரே கறுப்பில், ஒரே மட்டத்தில், ஒரே மாதிரிதான் தெரியும். ஒரு மழைக்காலம் போனால்தான் எது எது என்று விளங்கும்.

மொத்தச் செலவில் என்னென்ன சேர்கிறது?

வேலை நடக்கும் வரிசையிலேயே பார்ப்போம். முதலில் பழைய தளமோ மேல்மண்ணோ தோண்டி எடுக்க வேண்டும்; அதை லாரியில் ஏற்றி வேறு இடத்தில் கொட்டுவதற்கும் கூலி உண்டு. அடுத்தது கீழ்மண்ணைச் சமன் செய்து, சரிவு கொடுத்து, ரோலரால் கெட்டிப்படுத்துவது. அப்புறம் ஜல்லி அடித்தளம். அதன்மேல் தெளிக்கும் மெல்லிய தார்க்கரைசல். பிறகுதான் சூடான கலவை வரும். கலவை விலை, அதைக் கொண்டுவரும் டிப்பர் வாடகை, பரப்பும் எந்திரம், ரோலர், ஆட்கள் எல்லாம் இதில் சேரும். கடைசியாக ஓரங்களைக் கட்டுவது, தெருவோடு சேரும் இடத்தைச் சரிசெய்வது, வடிகால் தேவைப்பட்டால் அது.

இந்த வரிசையில் பாதி வேலை தார் வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பலர் "தார் விலை" என்று கேட்கும்போது இந்த முதல் பாதியை மறந்துவிடுகிறார்கள். பாதை எத்தனை வருஷம் தாங்கும் என்பதைத் தீர்மானிப்பது அந்த முதல் பாதிதான்.

எவ்வளவு கலவை தேவைப்படும் என்று நானே கணக்குப் போட முடியுமா?

தாராளமாக முடியும். கொட்டேஷன் வாங்குவதற்கு முன்பே போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரோலர் ஓட்டிக் கெட்டியான தார்க்கலவை ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2.4 டன் எடை இருக்கும். அடிக் கணக்கில் சொன்னால், 100 சதுர அடிக்கு ஒவ்வொரு அங்குலக் கனத்துக்கும் ஏறத்தாழ 570 கிலோ.

15 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் உள்ள ஒரு பாதையை எடுத்துக்கொள்வோம். பரப்பு 45 சதுர மீட்டர், அதாவது சுமார் 485 சதுர அடி. 3 அங்குலக் கனம் வேண்டுமென்றால் 4.85 × 3 × 570 என்று பெருக்குங்கள்; கிட்டத்தட்ட 8,300 கிலோ, அதாவது 8.3 டன் வரும். அதே பாதைக்கு 2 அங்குலம்தான் போட்டால் 5.5 டன் போதும். இடையில் உள்ள 2.8 டன்தான் "அவர் குறைந்த விலைக்குச் செய்கிறார்" என்பதன் பின்னால் பெரும்பாலும் இருக்கும் விஷயம்.

ஜல்லி அடித்தளத்துக்கும் இதே வழிதான். கெட்டிப்படுத்திய ஜல்லி கன மீட்டருக்கு ஏறக்குறைய 2.2 டன். 15 சென்டிமீட்டர் கனத்துக்கு 45 × 0.15 × 2.2, சுமார் 15 டன். கலவையைவிட ஜல்லி எடை அதிகமாக வருகிறது பாருங்கள். தோண்டி எடுக்கும் மண்ணையும் மறக்க வேண்டாம். ஜல்லிக்கும் தாருக்கும் சேர்த்து 22 சென்டிமீட்டர் தோண்டினால் 10 கன மீட்டர் மண். தோண்டியதும் மண் உதிர்ந்து பெருகும். லாரியில் ஏற்றும்போது அது 12, 13 கன மீட்டராக இருக்கும்.

சின்னப் பாதைதானே, ஏன் சதுர அடி விலை அதிகமாகச் சொல்கிறார்கள்?

ரோலரையும் பரப்பும் எந்திரத்தையும் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கித் திரும்பக் கொண்டுபோக ஆகும் செலவு, பாதை 300 சதுர அடியாக இருந்தாலும் 3,000 சதுர அடியாக இருந்தாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆட்களுக்கும் ஒரு நாள் கூலி போயே தீரும். குறைந்தது இத்தனை டன் எடுத்தால்தான் தருவோம் என்று சொல்லும் கலவை நிலையங்களும் உண்டு.

இதற்கு ஒரு நல்ல வழி, அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களோடு சேர்ந்து ஒரே நாளில் வேலை வைப்பது. எந்திரம் ஒருமுறை வந்தாலே போதும். அந்தச் செலவு பிரிந்துவிடும். தரத்தில் கை வைக்காமல் செலவைக் குறைக்க எனக்குத் தெரிந்த வழிகளில் இதுதான் சிறந்தது.

எந்திரம் நுழைய முடியாத குறுகலான பாதை, நிறைய வளைவு, நடுவில் மரம், மேன்ஹோல் மூடி இவையெல்லாம் இருந்தால் கையால் பரப்ப வேண்டியிருக்கும். அதற்கு ஆளும் நேரமும் கூடும்.

தார் எத்தனை அங்குலம் போட வேண்டும்?

கார், இருசக்கர வண்டி மட்டும் வந்துபோகும் பாதைக்கு, ரோலர் ஓட்டிய பிறகு 2 அங்குலம் என்பது குறைந்தபட்சம். 3 அங்குலம் போட்டால் நிம்மதி. தண்ணீர் லாரியோ, சரக்கு வண்டியோ அடிக்கடி உள்ளே வரும் என்றால், பெரிய ஜல்லிக் கலவையில் கீழ் அடுக்கு ஒன்று, சின்ன சிப்ஸ் கலவையில் மேல் அடுக்கு ஒன்று என்று இரண்டாகப் போட்டு 4 அங்குலம் வரை போவது நல்லது.

"ரோலர் ஓட்டிய பிறகு" என்பதை அழுத்திச் சொல்கிறேன். கலவையைப் பரப்பும்போது இருக்கும் கனம் ரோலர் ஓடியதும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். 3 அங்குலம் நிற்க வேண்டுமானால் சுமார் மூன்றே முக்கால் அங்குலம் பரப்ப வேண்டும். கொட்டேஷனில் வெறுமனே "3 அங்குலம்" என்று எழுதியிருந்தால் அது எந்த 3 அங்குலம் என்று கேளுங்கள்.

மெல்லியதாகப் போடுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கலவை வந்து இறங்கும்போது 140, 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். அது 80 டிகிரி அளவுக்கு இறங்குவதற்குள் ரோலர் வேலை முடிந்துவிட வேண்டும். அதற்குக் கீழே போனால் கலவை அழுந்தாது. கனம் குறைந்த தளம் மளமளவென்று ஆறிவிடும். ஆறிய பிறகு எத்தனை தடவை ரோலர் ஓட்டினாலும் உள்ளே இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் தண்ணீர் இறங்கும். அதோடு, கலவையில் உள்ள பெரிய கல்லின் அளவைப் போலக் குறைந்தது மூன்று மடங்கு கனம் இருந்தால்தான் கற்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். 12 மில்லிமீட்டர் ஜல்லிக் கலவையை ஒரு அங்குலத்துக்குப் பரப்புவது பணத்தை வீணாக்குவதுதான்.

மண் ஏற்கெனவே கெட்டியாக இருக்கிறது. ஜல்லி அடித்தளம் இல்லாமல் நேராகத் தார் போட்டால் என்ன?

போடாதீர்கள். தார்த்தளம் தானாக எடையைத் தாங்குவதில்லை. வளைந்துகொடுத்து, எடையைப் பரவலாக்கிக் கீழே அனுப்பும். தாங்குவது அடித்தளமும் மண்ணும்தான். வெயில் காலத்தில் கெட்டியாக இருக்கும் மண் மழையில் ஊறியதும் இளகிவிடும். களிமண் என்றால் இன்னும் மோசம்: ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மேலே இருக்கும் தார் அதோடு ஏறி இறங்கி வெடித்துவிடும்.

உதிராமல் நிற்கும் நல்ல மண்ணுக்கு 15 சென்டிமீட்டர் ஜல்லி போதும். களிமண்ணுக்கு 20, 25 சென்டிமீட்டர் வரை தேவைப்படும். ஜல்லி மண்ணுக்குள் புதையாமல் இருக்க, இடையில் ஜியோடெக்ஸ்டைல் துணி விரிப்பதும் உண்டு. அந்தச் செலவு தகும். ஜல்லி ஒரே அளவாக இருக்கக்கூடாது. பெரியது, சின்னது, கல்தூள் எல்லாம் கலந்து, கொஞ்சம் ஈரத்தோடு போட்டு ரோலர் ஓட்டினால்தான் இறுகும். 15 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் இரண்டு அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்குக்கும் தனியாக ரோலர் ஓட்டச் சொல்லுங்கள்.

தார் கொட்டுவதற்கு முன் நீங்களே செய்துபார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஜல்லி ஏற்றிய லாரியை, அமுக்கி முடித்த அடித்தளத்தின் மேல் நடந்துபோகும் வேகத்தில் ஓட்டச் சொல்லிவிட்டு, டயருக்குப் பக்கத்தில் குனிந்து பாருங்கள். தளம் அசையாமல் இருந்தால் சரி. டயர் போகப் போக ஜல்லி லேசாக அமுங்கி மறுபடி எழும்பினாலோ, பக்கவாட்டில் பிதுங்கினாலோ அந்த இடத்தில் கீழ்மண் இளகியிருக்கிறது. அதைத் தோண்டி மாற்றாமல் மேலே தார் போட விடாதீர்கள். அன்றைக்கு அது ஒரு மணி நேர வேலை. தார் போட்ட பிறகு என்றால் அந்தப் பகுதியையே வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்.

பழைய தார்த்தளத்தின் மேலேயே போட்டால் செலவு குறையுமா?

நிறையக் குறையும். ஆனால் பழையதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அங்கங்கே நீளமாக ஓடும் மெல்லிய வெடிப்புகள், நிறம் வெளுத்த மேற்பரப்பு என்ற அளவில் இருந்தால் வெடிப்புகளை அடைத்து, நன்றாகக் கூட்டிச் சுத்தம் செய்து, ஒட்டுவதற்கான தார்க்கரைசல் தெளித்து, மேலே ஒன்றரை முதல் 2 அங்குலம் போடலாம்.

முதலைத்தோல் போலச் சின்னச் சின்னக் கட்டமாக வெடித்திருந்தால் கதை வேறு. அப்படி வெடிப்பது அடித்தளம் விட்டுப்போனதன் அடையாளம். அதன்மேல் எவ்வளவு நல்ல கலவை போட்டாலும் அடியில் உள்ள வெடிப்பு அதே கோட்டில் மேலே வந்துவிடும். அந்த இடங்களை மட்டுமாவது வெட்டி எடுத்து அடித்தளத்தைச் சரிசெய்யுங்கள். மொத்தப் பரப்பில் கால் பங்குக்கு மேல் அப்படி இருந்தால், முழுவதும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் கணக்குக்குச் சரிவரும் என்பது என் கருத்து.

மேலே போடும்போது மட்டம் உயரும் என்பதையும் பாருங்கள். கார் நிற்கும் கூடத்தின் தரையைவிடப் பாதை உயர்ந்துவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே வரும்.

சரிவு, வடிகாலுக்கு ஏன் தனியாகச் செலவு சொல்கிறார்கள்?

தாரின் முதல் எதிரி தண்ணீர் என்பதால். பாதை வீட்டிலிருந்து விலகி, 100 அடிக்கு ஒன்றிலிருந்து 2 அடி இறங்கும்படி இருக்க வேண்டும். நிலமே வீட்டுப்பக்கம் சாய்ந்திருந்தால் குறுக்கே ஒரு வடிகால் வைத்தே ஆக வேண்டும். இதைத் தவிர்த்து மிச்சம் பிடிக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தாரில் அரை அங்குலத்தைக் குறைத்தாலும் குறையுங்கள், வடிகாலை விடாதீர்கள்.

கச்சா எண்ணெய் விலை ஏறினால் இதுவும் ஏறுமா?

ஏறும். கலவையில் எடைக்கணக்கில் 5 சதவீதம் அளவுக்குத்தான் தார். மீதி எல்லாம் ஜல்லி, சிப்ஸ், கல்தூள். ஆனால் அந்த 5 சதவீதம்தான் விலையுள்ள பொருள். அது கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது அடியில் தங்குவது. கற்களை உலர்த்திச் சூடாக்கவும், லாரி ஓட்டவும் எரிபொருள் வேண்டும். அதனால்தான் பல ஒப்பந்தக்காரர்கள் கொட்டேஷனில் 15 நாள், 30 நாள் என்று கெடு போடுகிறார்கள். ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம்.

பழைய தாரை உடைத்துக் கலந்த கலவை மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பழைய கலவையை நிலையத்திலேயே புதிய தாரோடும் கல்லோடும் சேர்த்துச் சூடாகத் தயாரித்திருந்தால் தாராளமாக வாங்கலாம். உலகம் முழுக்கச் சாலைகளில் பயன்படுத்துகிறார்கள். வெறுமனே உடைத்த தூளைக் கொட்டி ரோலர் ஓட்டுவது வேறு வேலை. அது ஜல்லிப் பாதையைவிடக் கொஞ்சம் மேல், தார்ப் பாதையைவிட நிறையக் கீழ். விலையும் அப்படியே இருக்க வேண்டும்.

"பக்கத்தில் ரோடு வேலை முடிந்தது, கலவை மிச்சம் இருக்கிறது, பாதி விலைக்குப் போட்டுத் தருகிறோம்" என்று ஒருவர் வந்தார்.

வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். பல நாடுகளில் பல வருஷமாக நடக்கும் மோசடி இது. முதலாவது, ஒழுங்காக வேலை செய்பவர் பரப்பையும் கனத்தையும் கணக்குப் போட்டுத்தான் கலவை எடுப்பார்; ஒரு வீட்டுப் பாதைக்குப் போதுமான அளவு மிஞ்சாது. இரண்டாவது, அப்படியே மிஞ்சியிருந்தாலும் அது லாரியில் ஆறிக்கொண்டே இருக்கும். தோண்டவும் ஜல்லி போடவும் இரண்டு நாளாவது வேண்டும். அதுவரை அந்தச் சூடு எங்கே இருக்கும்? அவர்கள் மண்ணின் மேலேயே கொட்டி, ரோலர் ஓட்டி, ரொக்கமாக வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவசரப்படுத்துவதுதான் அவர்களுடைய முறை.

கொட்டேஷனில் எதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்?

அளந்த பரப்பு, தோண்டும் ஆழம், தோண்டிய மண்ணை யார் எடுத்துப்போவது, கெட்டிப்படுத்திய பின் ஜல்லியின் கனம், கெட்டிப்படுத்திய பின் தாரின் கனம், எந்த அளவுக் கல் போட்ட கலவை, சரிவு எந்தப் பக்கம், ஓரம் எப்படிக் கட்டப்படும், எத்தனை வருஷத்துக்கு என்ன உத்தரவாதம். குறைந்தது மூன்று பேரிடம் வாங்குங்கள். மூவருக்கும் இதே பட்டியலைக் கொடுத்து அதற்கு விலை சொல்லச் சொல்லுங்கள். அப்போதுதான் மூன்று தொகையும் ஒரே வேலையைக் குறிக்கும்.

கலவை நிலையத்தின் எடைச்சீட்டையும் தர வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு லோடுக்கும் நிலையத்தில் எடை போட்டுச் சீட்டு கொடுப்பார்கள். நீங்கள் முன்பே போட்ட கணக்கோடு அதை ஒட்டிப் பார்த்தால் போதும். 8.3 டன் வர வேண்டிய இடத்தில் 6 டன் சீட்டு வந்தால், கனம் குறைந்துவிட்டது என்று தோண்டிப் பார்க்காமலே தெரிந்துவிடும்.

வேலை நடக்கும் நாளில் நான் எதைக் கவனிக்க வேண்டும்?

லாரி கலவையைக் கொட்டும்போது அருகில் நில்லுங்கள். நல்ல கலவை பளபளவென்று கறுப்பாக இருக்கும். ஒவ்வொரு கல்லின் மேலும் தார் படிந்திருக்கும். நீலப்புகை எழும்பினால் அதிகச் சூட்டில் தார் கருகியிருக்கிறது. மங்கலாக, பழுப்பாக, தார் படியாத கற்கள் தெரிந்தால், கட்டிகட்டியாக விழுந்தால், சூடு பற்றவில்லை. இரண்டையும் திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு.

மழை பெய்யும்போதோ, அடித்தளத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும்போதோ போட விடாதீர்கள். குளிர் அதிகமான நாளும் ஆகாது. 10 டிகிரிக்குக் கீழே கலவை சீக்கிரம் ஆறிவிடும். ஒரு நாள் தள்ளிப்போடுவதற்குக் கூடுதல் வாடகை கேட்டாலும் கொடுத்துவிடலாம்.

ஓரங்களைக் கவனியுங்கள். பாதை உடையத் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். ஓரம் செங்குத்தாக உதிர்ந்து நிற்காமல், 45 டிகிரி சாய்வாகத் தட்டி அமுக்கியிருக்க வேண்டும். பக்கத்தில் மண்ணை அணைத்துவிட வேண்டும். ஜல்லி அடித்தளம் தாரைவிட இரண்டு பக்கமும் அரை அடியாவது வெளியே நீண்டிருந்தால் ஓரம் நிற்கும்.

கான்கிரீட்டோடு ஒப்பிட்டால் எது லாபம்?

பல இடங்களில் தாருக்கு முதல் செலவு குறைவு, பராமரிப்பு அதிகம், கான்கிரீட்டுக்கு நேர்மாறு. நன்றாகப் போட்ட தார்ப் பாதை 15, 20 வருஷம் ஓடும். கான்கிரீட் 30 வருஷம் தாண்டும், ஆனால் உடைந்தால் ஒட்டுப்போடுவது கஷ்டம், போட்டாலும் தெரியும். தாரை வெட்டி ஒட்டுவது சுலபம். அடியில் குழாய் போகிறதென்றால் இது பெரிய விஷயம்.

எனக்கு முதல் கேள்வி, கலவை நிலையம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான். ஒரு மணி நேரப் பயணத்துக்குள் நிலையம் இல்லையென்றால், சின்ன வீட்டுப் பாதைக்குத் தார் என்ற எண்ணத்தையே விட்டுவிட்டுக் கான்கிரீட்டோ பேவர் பிளாக்கோ பார்ப்பது நல்லது. வழியில் ஆறிய கலவைக்கு நீங்கள் முழு விலை கொடுக்க வேண்டாம்.

மூட்டையில் விற்கும், சூடாக்காமலே போடும் கலவையை (கோல்ட் மிக்ஸ்) வாங்கி நானே போடலாமா?

குழி அடைக்கலாம். முழுப் பாதைக்கு அது ஆகாது. விலையும் டன் கணக்கில் பார்த்தால் சூடான கலவையைவிட அதிகம்.

போட்ட பிறகு எப்போது வண்டி விடலாம்?

இரண்டு, மூன்று நாள் பொறுங்கள். கடும் வெயில் காலம் என்றால் ஒரு வாரம். முதல் சில மாதங்களுக்கு வண்டியை ஒரே இடத்தில் நிறுத்தி ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்ப வேண்டாம், மேற்பரப்பு உரிந்துவிடும். பைக்கின் சைடு ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு சின்னப் பலகை வையுங்கள்.

அப்புறம் வருஷா வருஷம் என்ன செலவு இருக்கும்?

பெரிதாக ஒன்றும் இல்லை, தள்ளிப்போடாமல் இருந்தால். வெடிப்பு கண்ணில் பட்டதும், அடுத்த மழைக்கு முன் அடைத்துவிடுங்கள். பெட்ரோல், டீசல், எஞ்சின் ஆயில் சிந்தினால் உடனே துடைத்துக் கழுவுங்கள். இவை தாரைக் கரைக்கும். பாதையோரம் பெரிய மரம் இருந்தால் வேர் எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு கண் வையுங்கள்.

மேலே பூசும் சீல்கோட்டைப் புதுத்தளத்துக்கு உடனே போடக்கூடாது. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை விட்டுப் போடலாம். அதன்பின் மூன்று முதல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை போதும். வருஷா வருஷம் பூசச் சொல்பவர்கள் தங்கள் வியாபாரத்துக்காகச் சொல்கிறார்கள். அடுக்கு கூடக்கூட அதுவே வெடித்து உரியும். நிலக்கரித் தாரில் செய்த பூச்சைத் தவிருங்கள். அதில் புற்றுநோய்க்குக் காரணமாகும் வேதிப்பொருள்கள் அதிகம். குழந்தைகள் விளையாடும் வாசலில் அது வேண்டாம்.

பணத்தை எப்படிப் பிரித்துக் கொடுப்பது?

முழுத் தொகையையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள். ஆரம்பத்தில் ஒரு பகுதி, ஜல்லி அடித்தளம் முடிந்து லாரி சோதனை ஆனதும் ஒரு பகுதி, தார் போட்டு எடைச்சீட்டு கைக்கு வந்ததும் ஒரு பகுதி. கடைசியாகப் பத்து சதவீதமாவது கையில் வைத்திருந்து, நல்ல மழை ஒன்று பெய்த பிறகு கொடுப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். மழை உடனே வராது என்றால் குழாயைத் திறந்துவிட்டுப் பாதை முழுக்க நனையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எங்கெங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டு, ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.